அருமைநாயகம் சிவப்படித்த கிணறுகள்

அருமைநாயகத்துக்குத் தண்ணீரைப் பற்றி எல்லாம் தெரியும் என்று ஊரில் முதன்முதல் சொன்னவர் அருமைநாயகம்தான். பிறகு மற்றவர்களும் சொன்னார்கள், வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டு.

களுவாஞ்சிக்குடிக்குப் பக்கத்தில், கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடக்கும் மணல் ஊர் அது. சுனாமி ஏறி இறங்கியதில் கிணறெல்லாம் உப்பாகிப் போயின. யாரோ கொடுத்த பம்பைத் தோளில் தூக்கிக்கொண்டு, உப்பை அடியோடு எடுக்கிறேன் என்று மூன்று நாள் விடாமல் இறைத்தார் அருமைநாயகம். மிச்சமிருந்த நல்ல தண்ணீரும் போய், ஆழத்தில் கிடந்த உப்புத் தண்ணீர் மேலே வந்தது. சும்மா விட்ட கிணறுகள் இரண்டு மாரியில் தாமாகவே தெளிந்தன. "நான் கைவைக்காத கிணறெல்லாம் பிழைச்சிட்டு" என்று பின்னாளில் அவரே சொல்லுவார்.

அவருக்கு ஒரே மகள், மேனுகா. மாப்பிள்ளையும் சின்னதிலேயே பேசி வைத்ததுதான். அருமைநாயகத்தின் பெரியம்மா மகள் ஆச்சிப்பிள்ளையின் மகன் உதயரூபன். முதல் தடவை நாள் குறித்தபோது சுனாமி வந்து சீதன வீட்டைக் கொண்டுபோனது. திரும்பக் கட்டி மறுபடி நாள் குறித்தபோது சண்டை முற்றி, உதயரூபன் எங்கே இருக்கிறான் என்றே தெரியாமல் போனது. சண்டை ஓய்ந்து, அவனும் வந்து சேர்ந்து, மூன்றாம் தடவை நாள் குறிக்கும் நேரத்தில் கடலும் வரவில்லை, சண்டையும் வரவில்லை. அந்த வேலையை அருமைநாயகமே பார்த்துக்கொண்டார்.

அந்த ஆனி மாதம் பல்கலைக்கழகத்தில் இருந்து பிரஷாந்தி என்ற பிள்ளை ஒரு பெட்டியோடு கிணறு பார்க்க வந்தாள். ஊரில் எல்லா வீடு வளவும் தெரிந்த ஆள் என்று அருமைநாயகத்தைத் துணைக்குப் பிடித்தாள்.

"பயிருக்குப் போடுற யூரியா மண்ணுக்குள்ளால கிணத்துக்கு இறங்குது ஐயா. கண்ணுக்கும் தெரியாது, நாக்குக்கும் தெரியாது. ஐம்பதுக்கு மேல போனா பச்சப்புள்ளகளுக்குக் கூடாது."

கண்ணாடிக் குப்பியில் தண்ணீர் எடுத்து, ஒரு தூளைப் போட்டால் நிறம் வரும். குப்பியைப் பெட்டிக்குள் வைத்தால் ஒரு பக்கத்தில் இருந்து வெளிச்சம் பாயும். மறுபக்கத்துக்கு எவ்வளவு வந்து சேருகிறது என்று பெட்டி பார்த்து இலக்கம் காட்டும். வெளிச்சம் குறையக் குறைய இலக்கம் ஏறும். குப்பியை வைப்பதும், கூடாத கிணற்றுக் கட்டில் சிவப்பு மை அடிப்பதும் அருமைநாயகத்தின் உத்தியோகம்.

காலையில் பள்ளிக்கூடம், கோயில், சந்தை என்று பத்துக் கிணறு பார்த்தார்கள். பத்தும் நல்லது. அருமைநாயகத்துக்குச் சப்பென்று போனது. பின்னேரம் அவருடைய மனைவி நேசம்மாவின் சொந்தக்காரர் இருக்கும் தெரு. படலைக்குப் படலை வெற்றிலைத் தட்டம் நீட்டினார்கள். வீட்டு மருமகன், வேண்டாம் என்றால் மனத்தாங்கல். போட்டார், சுண்ணாம்பு தடவினார், போட்டார். பதினாலு கிணறு பார்த்ததில் பதினாலும் கூடாது. கடைசிக் கிணறு மேனுகாவின் சீதன வீட்டுக் கிணறு. அறுபத்தெட்டு.

"உங்கட மகளிட வீடெல்லோ ஐயா. இன்னொருக்காப் பாப்பமா?" என்றாள் பிரஷாந்தி.

"சட்டம் எல்லாருக்கும் ஒண்டுதான் மகள்" என்று சொல்லி, மற்றக் கிணறுகளை விடப் பெரிதாக அடித்தார்.

மறுநாள் ஆச்சிப்பிள்ளை வந்தாள். கிணற்றைப் பார்த்தாள். கல்யாணம் முடிந்தால் மகன் வந்து இருக்கப்போகும் வீடு அல்லவா?

"என்னடா தம்பி இது?"

"தண்ணி கூடாதக்கா. பச்சப்புள்ளகளுக்கு ஆகாது."

"அப்ப என்ட பேரப்புள்ளைக்கு என்னத்தக் குடுக்கச் சொல்ற? சோடாவா? நாளும் வேணாம், ஒண்டும் வேணாம்!"

அவள் போன பிறகு மேனுகா குடத்தை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். நேசம்மாதான் பேசினாள். "சுனாமிக்குக் கூட வாறத்துக்கு முன்ன கடல் உள்வாங்கிச்சு. நீங்க ஒரு சொல்லுக் கூடச் சொல்லல்லயே!"

தெருவில் ஆளுக்காள், உன் மலக்குழிதான், உன் மாட்டுச் சாணிதான் என்று சண்டை. பெண்கள் குடத்தோடு பள்ளிக்கூடக் கிணற்றுக்கு நடந்தார்கள். எட்டாம் நாள் பிரஷாந்தி முகம் வாடி வந்தாள்.

"காலம எல்லாம் நல்லது, பின்னேரம் எல்லாம் கூடாது. பெட்டிதான் பழுது ஐயா. கொழும்புக்கு அனுப்பப் போறன். வர ஆறேழு மாசம் செல்லும்."

குப்பியை வெயிலுக்குப் பிடித்துப் பார்த்தாள். அவள் கண்டாளோ தெரியாது, அருமைநாயகம் கண்டார். கண்ணாடியில் வெள்ளையாக ஒரு விரல் பதிந்திருந்தது. சுண்ணாம்பு விரல். வெளிச்சத்தை மறித்தது யூரியா இல்லை, நேசம்மாவின் புருசன்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் பழி பெட்டிக்குப் போகும், அவர் மானம் மிஞ்சும். ஆனால் பழுதான பெட்டி நல்ல தண்ணீர் என்று சொன்னாலும் ஆச்சிப்பிள்ளை நம்பப்போவதில்லை. மகளுக்கு இன்னும் எத்தனை வருடம்? மானத்தை நினைத்துப் பார்த்தார். பம்பு இறைத்த வருடமே அதில் பாதி போய்விட்டது.

தெருவையும் ஆச்சிப்பிள்ளையையும் சீதன வீட்டுக் கிணற்றடியில் கூட்டி வைத்துச் சொன்னார். "பெட்டியில பிழை இல்ல. நான்தான் வெத்திலக் கையோட குப்பியப் புடிச்ச."

குடத்தோடு நின்ற ஒருத்தி, "மாமா, எட்டு நாளாத் தண்ணி தூக்கின எங்கட இடுப்ப எந்தப் பெட்டியில வெச்சுப் பாக்கிற?" என்றாள். தெருவே சிரித்தது. ஆச்சிப்பிள்ளை மட்டும் சிரிக்கவில்லை.

பிரஷாந்தி கை கழுவி, குப்பியைத் துடைத்து வைத்தாள். மேனுகாவின் கிணறு பதினொன்று.

"இத நான் நம்பவோ?" என்றாள் ஆச்சிப்பிள்ளை. "என்ட கிணத்துத் தண்ணியப் பாருங்க புள்ள. அது தேன். அதுக்கு என்ன சொல்லுதெண்டு பாத்துத்தான் மறுகா பேச்சு."

அவள் வீடு வாவிப் பக்கம், வட்டையை ஒட்டி. வேலிக்கு அங்கால் முழுதும் வயல், போகத்துக்குப் போகம் யூரியா. போத்தலில் தண்ணீர் வந்தது. குப்பியை யார் கையிலும் கொடுக்காமல் தன் சேலைத் தலைப்பாலேயே துடைத்து ஆச்சிப்பிள்ளை வைத்தாள். எழுபத்தினாலு. திரும்பத் துடைத்தாள். எழுபத்தினாலு. மூன்றாம் தரம் துடைத்த குப்பியைப் பெட்டிக்குள் வைக்கவில்லை. அருமைநாயகத்துக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தத் தண்ணீரில்தான் அக்கா ஐந்து பிள்ளை வளர்த்தாள்.

குப்பியைப் பிரஷாந்தியிடம் கொடுத்துவிட்டு, "நாள் எப்ப வெச்சிரிக்கீங்க?" என்றாள் அவள்.

"நீங்கதானே அக்கா வேணாம் எண்டீங்க?"

"நான் எப்பயடா சொன்ன? ஆவணியில வை. முதல் முகூர்த்தத்திலயே வை. மறுகா..." குரலைத் தாழ்த்தினாள். "பொடியன் மட்டும் வந்து இருக்கிறதோ, நானும் கூட வந்திரவோ?"

அருமைநாயகம் நேசம்மாவைப் பார்த்தார். நேசம்மா கிணற்றுக்குள் பார்த்தாள்.

"வாங்க மச்சாள்" என்றாள் கடைசியில். "கிணறு நல்ல ஆழம். இவர் இறைக்காமப் பாத்தாப் போதும்."