எதிர்க்கூடை

'லாப்சைடெட்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு அகராதியில் 'சமநிலையற்ற' என்று போட்டிருக்கிறார்கள். எனக்கு அது பிடிக்கவே இல்லை. எங்கள் வீட்டில் அதற்கு ஒரு பக்கம் கனத்து மறுபக்கம் தூக்கிக்கொண்டு நிற்பது என்று அர்த்தம். அடுப்பில் சாய்ந்திருக்கும் சட்டி, என் இரட்டைச் சடை, சித்தப்பா தானே கத்தரித்துக்கொண்ட மீசை, எல்லாமே லாப்சைடெட்தான்.

ஐம்பதுகளில் அப்பா எங்கள் ஊரான பேத்துப்பாறையிலிருந்து மட்டக்குதிரையின் இரண்டு பக்கமும் கூடை தொங்கவிட்டு உருளைக்கிழங்கு ஏற்றிக்கொண்டு கொடைக்கானல் சந்தைக்குப் போவார். நானும் தங்கச்சியும் கூடவே நடப்போம். வாடிக்கையாகக் கிழங்கு வாங்கும் பங்களா துரைசாணி, பாரம் சரிந்திருந்தால் குதிரைக்குப் பரிந்துகொண்டு இந்தச் சொல்லால் திட்டுவாள். அப்பாவுக்குத் தெரிந்த ஒரே இங்கிலீஷ் அது.

திரும்பும்போது கூடைகள் காலி. ஒன்றில் நான், எதிர்க்கூடையில் தங்கச்சி. என்னைவிட ஒரு வயது சின்னவள், ஆனால் குண்டு. "லாப்சைடெட்டா கெடக்கு தாயி" என்று சந்தையில் வாங்கிய உப்பை அப்பா என் மடியில் வைப்பார். குதிரை முதுகுக்கு மேலே எட்டிப் பார்த்து அவள் பழிப்புக் காட்டுவாள்.

வத்தலக்குண்டு அத்தைக்குப் பிள்ளை இல்லை. தங்கச்சியை வளர்க்கக் கொடுத்துவிட்டார்கள். என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடுத்த சந்தையன்று அப்பா எதிர்க்கூடையில் ஒரு கல்லைத் தூக்கி வைத்தார். அவள் எப்போது வருவாள் என்ற ஏக்கத்தையெல்லாம் அந்தக் கல்லின் மேல் கோபமாகக் கொட்டினேன். வாரா வாரம் அதைத் திட்டிக்கொண்டே வீடு வந்தேன்.

கோடை லீவுக்கு அவள் பஸ்ஸில் வந்து இறங்கினாள். அழைத்துப்போக நானும் அப்பாவும் குதிரையோடு நின்றிருந்தோம்.

"என் எடத்துல எதுக்குப்பா கல்லு?" என்றாள்.

அப்பா அதை எடுத்து ரோட்டோரம் எறிந்தார். அத்தை வீட்டுச் சாப்பாட்டில் அவள் இன்னும் கனத்திருந்தாள். கூடை அவள் பக்கம் சரிந்தது. சந்தை நாள் இல்லை, மடியில் வைக்க உப்பும் இல்லை. என் கூடையின் விளிம்பைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டே அப்பா வீடுவரை நடந்தார். கை மாற்றக்கூட இல்லை.

லீவு முடிந்து அவளை பஸ் ஏற்றினோம். ஜன்னலில் அவள் பழிப்புக் காட்டுவாள் என்று பார்த்தேன். காட்டவில்லை. பஸ் வளைவில் மறைந்ததும் அப்பா ரோட்டோரம் குனிந்து கல் தேடினார்.

"வேணாம்ப்பா. நான் நடந்தே வாரேன்."

அப்பா நிமிர்ந்தார். குதிரையை முன்னால் விட்டுப் பின்னால் நடந்தோம். இரண்டு கூடைகளும் காலியாக, எந்தப் பக்கமும் சாயாமல், வீடுவரை ஒரே சீராக ஆடிக்கொண்டு போயின.