ஸ்டோர் ரூம் பெல்ட்

"பெல்ட் குடுங்க, ஏறுறேன்."

இதை மட்டும் கேட்கக்கூடாது என்று டிரைவர் அண்ணன் முதல் நாளே சொல்லியிருந்தார். "முதலாளிகிட்ட என்ன வேணா கேளு தங்கச்சி. பெல்ட் மட்டும் கேக்காத." கேட்டேன். அதற்குப் பிறகு நடந்ததைத்தான் எழுதுகிறேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. பூசி மெழுக எனக்கு வராது.

மொட்டை மாடிகளில் இணைய ஆன்டெனா மாட்டித் தரும் கம்பெனி அது. எங்கள் வீட்டில் டிகிரி வாங்கிய முதல் ஆள் நான். அந்த ஒரிஜினல் சர்டிபிகேட் முதலாளியின் டிராயரில் பூட்டிக் கிடந்தது. இரண்டு வருடம் முடித்தால்தான் கைக்கு வரும். அதனால், மழை இருட்டிக்கொண்டு வந்த அந்தச் சாயங்காலம் ஒரு மொட்டை மாடி ஆன்டெனா கம்பத்தில் அவர் ஏறச் சொன்னபோது, முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. விழாமல் கம்பத்தோடு கட்டிக்கொள்ள ஒரு பெல்ட்டாவது கேட்டேன்.

முதலாளி சிரித்தார். "கம்பத்துல ஏறப் போறியா, நிலாவுக்குப் போறியா? படிச்ச புள்ளைங்கள வேலைக்கு வெச்சா இதான் தொல்லை." என்ன நினைத்தாரோ, ஸ்டோர் ரூமிலிருந்து ஒரு இடுப்பு பெல்ட்டை எடுத்து வீசினார். புத்தம் புதுசு. "பக்கத்துல போற லைன்ல கரண்ட் கிடையாது. பயப்படாம முடிச்சிட்டு வா."

டிரைவர் அண்ணன் பெல்ட்டைப் பார்த்தார். வழி முழுக்க வண்டிக் கண்ணாடியில் அதையே பார்த்துக்கொண்டு வந்தார்.

மணி 5.50. நாலாவது மாடிக்கு மேலே மொட்டை மாடி. பக்கிளை வயிற்றுக்கு முன்னால் பூட்டி, இழுத்துப் பார்த்தேன். பெல்ட்டின் கயிற்றைக் கம்பத்தைச் சுற்றிக் கொடுத்துக் கொக்கியை மாட்டினேன். கிளிக். ஏறினேன். அண்ணன் கீழே வண்டியில். மேலே நான் மட்டும்.

ஆன்டெனாவைத் திருப்ப ஸ்பேனரோடு வலப்பக்கம் சாய்ந்தேன். பெல்ட் பின்னுக்கு இழுத்தது. கயிறு சிக்கிவிட்டதா என்று பார்த்தேன். தொய்வாகத்தான் கிடந்தது.

மறுபடி சாய்ந்தேன். மறுபடி இழுத்தது. இன்னும் பலமாக.

தூறல். இருட்டுவதற்குள் சிக்னல் வராவிட்டால் வேலை போகும். வேலை போனால் சர்டிபிகேட்டும் போகும். அழுகையே வந்துவிட்டது. "விடு" என்று யாரிடமோ கத்தினேன்.

மூன்றாவது முறை எட்டினேன்.

முதுகில்... விரல்கள்.

நடுங்கும் விரல்கள்... எதையோ பூட்டத் தெரியாமல் தடவின.

கிளிக்.

இடுப்பு இறுகியது. ஸ்பேனர் கை நழுவி, நான் எட்டப் போன இடத்தில் ஓடிய லைன் கம்பிகளுக்கு நடுவே விழுந்தது.

ட்ஸ்ஸ்ஸ்...

நீல வெளிச்சம்.

கரண்ட் இருந்தது.

எப்படி இறங்கினேன் என்று தெரியாது. வண்டி வெளிச்சத்தில் பெல்ட்டைக் கழற்றக் குனிந்தேன். வயிற்றில் பக்கிள் இல்லை. முதுகில் இருந்தது. கயிறு கம்பத்தோடு பிடித்திருக்கும்போது பெல்ட் சுற்றிக்கொள்ளாது. தன் முதுகில் தானே பூட்டிக்கொள்ள யாராலும் முடியாது.

அண்ணன் என் முதுகைப் பார்த்தார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"உனக்கு முன்னாடி ஒருத்தன் இருந்தான். இதே கம்பம். பெல்ட் கேட்டான், குடுக்கல. ஷாக் அடிச்சு விழுந்து செத்துட்டான். அப்புறம்தான் முதலாளி ஓடிப்போய் இத வாங்கிட்டு வந்தார். போலீஸ் வர்றதுக்குள்ள, பெல்ட் குடுத்த மாதிரி தெரிய, அவன் ஒடம்புல மாட்டுன்னார். நான்தான் மாட்டினேன்... கை நடுக்கத்துல பக்கிள் பின்பக்கம் போயிடுச்சு. போலீஸ் எடுத்த போட்டோவுலயும் அப்படித்தான் இருக்கும். எவனும் கவனிக்கல. கேஸ மூடிட்டு பெல்ட்ட திருப்பிக் குடுத்துட்டாங்க."

பக்கிளைத் தொடப் போனவர் கையை இழுத்துக்கொண்டார்.

"அவன் உயிரோட இத போட்டதே இல்ல தங்கச்சி."

ஆபீஸுக்கு வந்தோம். முதலாளி டிராயர் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டிருந்தார். "சிக்னல் வரலியே. பெல்ட்ட கழட்டி வெச்சிட்டுப் போ. நாளைக்கு மறுபடி ஏறு. சர்டிபிகேட் வேணும்ல?"

"சர்டிபிகேட்ட நீங்களே வெச்சுக்கோங்க."

பெல்ட்டைக் கழற்றவில்லை. பக்கிளை முன்னால் திருப்பவும் இல்லை; அவர்களுடைய போட்டோவில் இருப்பது போலவே இருக்கட்டும். போலீஸ் ஸ்டேஷன் அடுத்த தெருவில்தான். வெளியே நடந்தேன். அண்ணன் பின்னால் வருகிறாரா என்று திரும்பிப் பார்க்கவில்லை.