காலித் தொட்டியின் நீர்மட்டம்

பேய் பிசாசு என்று யாராவது பேச ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். நீங்களும் அப்படித்தான் என்றால் படித்துவிட்டுத் தாராளமாகச் சிரித்துக்கொள்ளுங்கள். அதற்காக நடந்ததை மாற்றிச் சொல்ல முடியாது.

மைசூரில் எங்களுடையது ரயில்வே குடும்பம். அப்பா நீராவி இன்ஜின் டிரைவர். அந்தக் காலத்தில் தண்ணீர் கிடைக்காத பாதைகளில் இன்ஜினுக்குப் பின்னால் தண்ணீருக்கென்றே தனியாக ஒரு தொட்டி வண்டி மாட்டுவார்கள். இன்ஜின் அதிலிருந்து குடித்துக்கொண்டே ஓடும். இன்ஜின்களையாவது மியூசியத்தில் வைத்தார்கள், இந்தத் தொட்டிகளை யார் சீந்தினார்கள்? மிஞ்சியவற்றைத் தேடி அலைவதுதான் என் பைத்தியம். “பொண்ணு பாக்கப் போற மாதிரி கெளம்பி, துருப்பிடிச்ச தகரம் பாக்கப் போறார்” என்பாள் மனைவி.

போன கோடையில் குண்டலுபேட்டைப் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் ஒன்று இருப்பதாகத் தகவல் வந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது நல்ல உச்சிவெயில். தோப்புக்காரர் தொட்டியைப் பழைய இரும்புக் கடைக்கு விற்றுவிட்டார். கடை ஆள் செல்வம், சேலத்துக்காரர், கேஸ் கட்டரால் அடிவிளிம்பை ஒட்டி ஒரு சாண் ஓட்டை போட்டுவிட்டிருந்தார். நானே வாங்கிக்கொள்கிறேன் என்று கடைக்காரருக்குப் போன் போட்டேன். “ஆகல்ல சார், முடியாது, லாரி வருது” என்று வைத்துவிட்டார்.

கடைசியாக ஒரு தடவை தொட்டுக்கொள்வோம் என்று கையை வைத்தேன். அந்த வெயிலில் இரும்பு சில்லென்று இருந்தது. அப்பா செய்வதுபோல விரல் முட்டியால் தட்டினேன். காலி என்றால் கணீரென்று கேட்கும், தண்ணீர் இருந்தால் மொத்தென்று கேட்கும். என் தோள் உயரம் வரை மொத்தென்றே கேட்டது. ஓட்டை வழியாகக் குனிந்து பார்த்தால் உள்ளே காய்ந்த சருகும் ஓர் ஓணானும்தான். நம்பினால் நம்புங்கள்.

மறுபடி தட்டினேன். மொத்துச் சத்தம் மார்பளவுக்கு இறங்கியிருந்தது. அப்புறம் இடுப்பளவு. செல்வமும் தட்டிப் பார்த்தார், முகம் வெளிறிவிட்டது.

“வத்திக்கிட்டே போவுதுங்க சார். நான் வெட்டுன ஓட்டையிலயா ஒழுவுது?”

தரையில் பொட்டு ஈரமில்லை. எனக்கு ஒன்றுதான் தோன்றியது: எங்கேயோ ஓர் இன்ஜின் இந்தத் தண்ணீரை நம்பி ஓடிக்கொண்டிருக்கிறது. தீர்ந்துபோனால் பாய்லர் வெடித்துவிடும், அதில் ஆட்கள் இருப்பார்கள்.

“அடைச்சிடுப்பா!” என்று கத்தினேன். ஏன், எதற்கு என்று கேட்காமல் செல்வம் வெட்டிய தகட்டையே வைத்துப் பற்றவைத்தார். சத்தம் முழங்காலுக்குச் சற்று மேலே நின்றுவிட்டது. நாங்கள் இருவரும் கையெடுத்துக் கும்பிட்டோம், யாரை என்று தெரியாது.

லாரியோடு கடைக்காரர் வந்தார். “இத நான் வெட்ட மாட்டேனுங்க, வேற ஆளப் பாத்துக்கங்க” என்று செல்வம் மண்ணில் உட்கார்ந்துவிட்டார். கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டு தொட்டியை எனக்கே கொடுத்துவிட்டார்.

இப்போது அது ஸ்ரீரங்கப்பட்டணம் பக்கம் என் காலி மனையில் நிற்கிறது. நான் அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றவில்லை. போன வாரம் தட்டிப் பார்த்தேன், கழுத்துவரை மொத்தென்று கேட்டது. எங்கோ நிறுத்தி நிரப்பிக்கொண்டிருக்கிறார்கள்.

செல்வம் ஒட்டுப் போட்ட இடத்தில் கரி படிந்த ஒரு கைத்தடம் இருந்தது, ஒழுகுகிறதா என்று யாரோ தடவிப் பார்த்த மாதிரி. துடைத்துவிட்டு வந்தேன். இன்று காலை போனால், மறுபடி இருக்கிறது. இந்தத் தடவை நான் துடைக்கவில்லை.