இரண்டாவது விசில்

வசந்தகுமார் யானையை விரட்டுபவர் அல்ல. பந்தலூர்ப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் அவருக்குக் காவல் வேலை. நாலாம் நம்பர் மலைக்கு மேலே ஒரு பாறை உண்டு. விடிந்ததும் அதில் ஏறி நிற்பார். கீழே பெண்கள் கொழுந்து பறிப்பார்கள். காட்டோரம் யானை தென்பட்டால் விசில் ஊத வேண்டும். அதைக் கேட்டுத்தான் வெடி போட்டு யானையை விரட்டும் பட்டாசுக்காரர்கள் ஓடி வருவார்கள், ஃபேக்டரியில் சைரன் போடுவார்கள், பெண்கள் ரோட்டுக்கு ஏறுவார்கள். அவர் கையில் ஒரு தடிகூடக் கிடையாது. ஆனால் அவர் ஊதாமல் அங்கே எதுவும் அசையாது.

பறிப்பு நடக்கும் இடத்தைக் காட்ட மலையோரம் ஒரு சிவப்புத் துணி கட்டியிருக்கும். ஆடி மாதத்தில் ஒரு காலை அந்தச் சிவப்பு வெளுத்துத் தெரிந்தது. மழையில் சாயம் போயிருக்கும் என்று நினைத்து இடக் கண்ணைக் கசக்கினார். கசக்கும்போது வலக் கண் மட்டும் திறந்திருந்தது. துணி பழையபடி ரத்தச் சிவப்பாக இருந்தது. கண்ணை மாற்றிப் பார்த்தார். சாம்பல் பூத்த செங்கல் நிறம். கண்ணைத் திருப்பினால் அதன் பின்புறம், மண்டைக்குள்ளே, வலித்தது.

யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் பாறையிலிருந்து இறக்கிவிடுவார்கள். வேலை போனால் தோட்டம் கொடுத்த லயத்து வீடும் போகும். வெயில் வந்ததும் எல்லாருக்கும் பனிமூட்டம் கலைந்தது. அவருடைய இடக் கண்ணில் மட்டும் அது நின்றது, நாளுக்கு நாள் கனத்தது.

அந்த வாரமே அது நடந்தது. செடிகளுக்கு நடுவே ஒரு கரிய மேடு அசைவதைப் பார்த்தார். ஊதினார். பட்டாசுக்காரர்கள் மேலிருந்து கொளுத்தி எறிந்தார்கள். முதல் வெடி விழுந்ததும் அந்த மேடு அலறியது. பெண் குரல். கொழுந்து மூட்டையைத் தலையில் வைத்து, மழைக்குக் கறுப்புப் பிளாஸ்டிக் படங்கைப் போர்த்திக்கொண்டு, எடை போடும் இடத்துக்குக் குறுக்குவழியில் வந்துகொண்டிருந்த அவருடைய மனைவி சுஜாதா.

சுஜாதாவின் கை வெந்துபோயிருந்தது. வீட்டில் உட்கார்ந்து மருந்து பூசிவிட்டார் வசந்தகுமார்.

"கல்யாணமாகி இத்தனை வருசத்துல, நான் ஆனைன்னு இன்னைக்குத்தான் கண்டுபிடிச்சீங்களாக்கும்?" என்றார் சுஜாதா.

அவர் குனிந்து பூசிக்கொண்டே இருந்தார்.

"ஏங்க, புண்ணு இங்க இருக்கு. நீங்க எங்க பூசுறீங்க?"

விரலில் எடுத்த மருந்து புண்ணுக்குப் பக்கத்தில் படிந்திருந்தது. அப்போதுதான் கண்ணைப் பற்றிச் சொன்னார்.

ஊட்டி ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் பிரிஸில்லா கட்டிலருகே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இது கண்ணுல வந்த நோய் இல்லை. கரண்ட் ஒயருக்கு இருக்கிற மாதிரி நரம்புக்கும் ஒரு உறை இருக்கு. அதை உங்க உடம்பே அரிச்சிருக்கு."

"என் உடம்பே எதுக்குங்க டாக்டர்?"

"ரத்தத்துல உதவி டி செல்னு ஒரு வகை வெள்ளை அணு இருக்கு. அது தானா யாரையும் அடிக்காது. கிருமியை அடையாளம் பார்த்துக் குரல் கொடுக்கும். அதைக் கேட்டுத்தான் மத்த அணுக்கள் கூட்டமா வந்து அடிக்கும். உங்களுக்கு அது சொந்த நரம்பைப் பார்த்தே வெளியாள்னு குரல் கொடுத்திருக்கு."

வசந்தகுமாரின் கை கட்டில் கம்பியைப் பற்றிக்கொண்டது. சுஜாதா தன் கட்டுப்போட்ட கையைச் சேலைக்குள் மறைத்தார்.

"அதுக்கும் கண்ணு மங்கிப்போச்சுங்களா?" என்று கேட்டார் வசந்தகுமார்.

"மங்கலைங்க. முன்னாடி வந்த ஏதோ ஒரு கிருமியோட சாயல் அந்த உறையில தெரிஞ்சிருக்கலாம். ஏன் ஆரம்பிக்குதுன்னு முழுசா யாருக்கும் தெரியலை. சாதாரணமா ஒரு அடையாளத்தைப் பார்த்த உடனே அது கத்திடாது. ரெண்டாவதா இன்னொரு சைகை வேணும். வரலைன்னா அடங்கிடும். அடக்கி வைக்கிறதுக்குன்னே வேற அணுக்களும் இருக்கு. உங்களுக்கு அந்தக் கட்டுப்பாடு தளர்ந்துபோச்சு."

"அடுத்த கண்ணுக்கும் வருமா?"

"வரலாம். காலுக்கும் வரலாம். ரொம்ப நாள் வராமலும் இருக்கலாம். அதனாலதான் தினமும் மாத்திரை. அது இந்த அணுக்களைக் கொஞ்சம் அடக்கி வைக்கும். அடங்கியிருக்கிறப்போ கிருமி புகுந்திடக்கூடாது. காய்ச்சல், இருமல்னா உடனே வந்திடணும்." அடக்கும் மாத்திரையால் டி.பி. கிளம்பலாம் என்பதால், அது இல்லை என்று முன்பே சோதித்திருந்தார்கள்.

சில நாள் டிரிப்ஸ் ஏறியது. அதன்பின் மூட்டம் மெல்ல விலகத் தொடங்கியது. ஆனால் ஊர் திரும்பியதும் அவர் பார்த்தது பக்கத்து வீட்டின் இடிந்த சுவரை. அது இன்னொரு காவலரான பரமசிவனின் வீடு. தப்பான விசிலுக்குப் பிறகு மேனேஜர் உத்தரவு போட்டிருந்தார்: யாரும் ஊதக் கூடாது, முதலில் ஆபீசுக்கு போன் செய்ய வேண்டும்.

"ஆனையைப் பார்த்தேன்டா தம்பி," என்றார் பரமசிவன். "விசில் கையில இருக்கு, ஊதக் கூடாது. நான் போனை வச்சுக்கிட்டு டவர் தேடுறேன், அது என் சுவத்தைத் தேடுது. உள்ள உன் மதினி. பின்வாசல் இருந்ததால தப்பிச்சா."

வசந்தகுமார் அந்தச் சுவரை வெகுநேரம் பார்த்தார். காவல்காரன் வாயை அடைத்தால் என்ன வரும் என்று அது சொன்னது. உடம்புக்குள் இருக்கும் காவலின் வாயை அடைக்கும் மாத்திரை அட்டை சட்டைப் பையில் இருந்தது. தானே நேரம் பார்த்துப் போட்டுக்கொள்வதாக மனைவியிடம் சொல்லியிருந்தார். "போட்டாச்சா?" என்று அவர் கேட்கும்போதெல்லாம் "ஆச்சு" என்பார். அட்டையில் ஒரு மாத்திரைகூடக் குறையவில்லை.

கண் ஓரளவு தெளிந்தபின் மறுபடி பாறைக்கு அனுப்பினார்கள். சுவர் இடிந்தபின் போன் உத்தரவை எடுத்துவிட்டுக் காவல் முறையை மாற்றியிருந்தார்கள். எதிர்ப்பாறையில் பரமசிவன். ஒருவர் ஊதினால் எல்லாரும் அசையாமல் நிற்க வேண்டும். மற்றவரும் பார்த்து ஊதினால்தான் பட்டாசு.

முதல் நாளே மூட்டம் இறங்கியது. சில்வர் ஓக் மரத்தடியில் கரியதாக ஒன்று. வலக் கண்ணை மூடிப் பார்த்தார். இடக் கண்ணை மூடிப் பார்த்தார். இரண்டிலும் அது இருந்தது. ஊதினார்.

பெண்கள் சிலையாக நின்றார்கள். அதற்கு மிக அருகில் நின்றவர் சுஜாதா. பட்டாசுக்காரர்கள் தீப்பெட்டியைத் திறந்தார்கள். எதிர்ப்பாறையிலிருந்து சத்தம் இல்லை. அது அசைந்தது. அசைந்ததா? விசிலை மறுபடி வாய்க்குக் கொண்டுபோனார். இரண்டாவது விசிலை அவரே ஊதக் கூடாது. ஊதாமலிருந்து அது யானையாக இருந்தால்?

"டேய் வசந்தா!" பரமசிவனின் குரல் மூட்டத்தைக் கடந்து வந்தது. "அது நேத்து வெட்டுன மரத்தூருடா! அதுக்கும் வெடி வேணுமா?"

பெண்கள் சிரித்தார்கள். "நல்லவேளை, இன்னைக்கு நான் இல்ல!" என்று கீழேயிருந்து கத்தினார் சுஜாதா. கைகள் மறுபடி செடிக்குப் போயின.

வசந்தகுமார் பாறையில் உட்கார்ந்துவிட்டார். உடம்புக்குள்ளே இந்த நிமிடம் ஓர் அணு எதையோ பார்த்து ஊதிக்கொண்டிருக்கலாம். எந்த நரம்பென்று தெரியாது. அது மரத்தூர் என்று கத்திச் சொல்ல அங்கே எதிர்ப்பாறையில் ஆள் நிற்கிறானா என்பதும் தெரியாது.

சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்தார். அழுத்திப் பிதுக்கியதில் முதல் மாத்திரை பாறையில் விழுந்து உருண்டது. குனிந்து தேடி எடுத்துத் துடைத்து, பாட்டிலில் இருந்த ஆறிப்போன தேநீரோடு விழுங்கினார். பயம் போகவில்லை. எழுந்து நின்று அந்தச் சிவப்புத் துணியை வலக் கண்ணால் பார்த்தார், பிறகு இடக் கண்ணால் பார்த்தார்.