குட்டையைத் தாண்டிய மட்டை

கோல்ஃப் விளையாட்டை மகன்தான் எனக்குப் பழக்கினான். இந்த வயதில் மட்டையைப் பிடித்தவள் எங்கள் சொந்தத்தில் நான் ஒருத்திதான் என்று பெருமையாகத்தான் இருந்தேன். அதற்கும் போட்டியாக மருமகளின் அம்மா வந்து சேர்ந்தார்.

மைதானத்தில் ஓரிடத்தில் எதிரே ஒரு குட்டை. முதல் அடியிலேயே பந்து அதைத் தாண்ட வேண்டும். சம்பந்தியம்மாவுக்குத் தாண்டியது. எனக்கு எப்போதும் தண்ணீரில்தான்.

"ஏனுங்க சம்பந்தி, மீனுக்குப் பொரி போடறீங்களாட்ட இருக்குது?" என்றார், தொப்பியைச் சரிசெய்துகொண்டே.

"அடுத்த ஞாயித்துக்கெழம பாருங்க" என்று சொல்லிவிட்டேன்.

அதுவரை மகனின் பழைய டிரைவரில் அடித்துக்கொண்டிருந்தேன். முதல் அடிக்கென்றே இருக்கிற நீளமான மட்டை அது. எனக்கென்று ஒன்று வாங்க, அவனைக் கூட்டிக்கொண்டு அவிநாசி ரோட்டுக் கடைக்குப் போனேன்.

சீருக்கு அண்டா எடுப்பதுபோல ஒவ்வொன்றையும் தூக்கிப் பார்த்தேன். மட்டையின் தலையை விரலால் சுண்டினேன். எல்லாம் உள்ளே காலி. இருப்பதிலேயே கனமானதைக் கையில் வைத்துக்கொண்டேன். பொருள் என்றால் கனக்க வேண்டாமா?

"அம்மா, அது வெடுக்குனு வீசறவங்களுக்குங்க. தண்டு வெறைப்பா இருக்கும்" என்றார் கடைக்காரர்.

"நான் வீசறத நீங்க பாத்தீங்களா, தம்பி?"

"பாக்கலைங்க. அதனாலதான் அடிச்சுக் காட்டுங்கன்றேன்."

கடைக்குள்ளேயே வலை கட்டி, பந்து எங்கே போகும் என்று காட்டத் திரையும் வைத்திருந்தார். கனமான மட்டை சுற்றி வருவதற்குள் தோள் இற்றுப்போனது. திரையில் பந்து தரையோடு ஓடி வலப்பக்கம் ஒதுங்கியது. அடுத்து வேறொன்றைக் கொடுத்தார். தண்டு லேசாக வளைந்து கொடுத்தது. பந்தில் படுகிற முகம் கொஞ்சம் மேலே பார்த்தாற்போலச் சாய்ந்திருந்தது.

"ஈக்குமாறாட்ட இருக்குதே!"

"ஈக்குமாறுன்னா உங்க கை தானா வீசுமுங்கம்மா" என்று மகன் சிரித்தான்.

வீசினேன். பந்து எழும்பிப் போனது. திரையை எப்படி நம்புவது என்று மறுபடியும் அடித்தேன். மறுபடியும் எழும்பியது. ரோஸ் கலர் மட்டும் வேண்டாம் என்று கறுப்பில் வாங்கிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சம்பந்தியம்மா அதைத் தூக்கிப் பார்த்தார். "இதென்னுங்க, காத்தாட்ட இருக்குது! பேரனுக்கு வாங்குனதுங்களா?"

காலை ஊன்றி நின்று, அவசரப்படாமல் வீசினேன். பந்து மெல்ல ஏறி, குட்டைக்கு மேலே போய், அக்கரைப் புல்லில் விழுந்தது. தண்ணீரிலிருந்து ஒரு முழம்தான் இருக்கும். முழமானாலும் அந்தப்பக்கம்.

"குடுங்க, நானும் ஒண்ணு அடிக்கறேன்" என்று மட்டையை வாங்கினார் சம்பந்தியம்மா. அவர் என்னைவிட ஒரு தலை உயரம், வீச்சும் பலம். மட்டையோ மெதுவாக வீசுகிற எனக்கென்று எடுத்தது. பந்து வானத்துக்கே போனது. போன வேகத்தில் அப்படியே குட்டைக்குள் இறங்கியது.

"மீனு பசியில இருந்துச்சாட்டங்க, சம்பந்தி" என்றேன்.