அமைச்சருக்குக் காத்திருந்த தாலி

எங்கள் அப்பா உசிலம்பட்டிப் பக்கம் பெரிய மனிதர். நிலம் உண்டு, மாந்தோப்பு உண்டு, ஊர்க் கோயிலில் முதல் மரியாதை உண்டு. ஒரு தடவை ஒன்றியத் தலைவராக இருந்தார். பதவி போய்ப் பல வருடமாகியும் ஊர் அவரைத் தலைவர் என்றுதான் கூப்பிடுகிறது. அவரும் திரும்பிப் பார்க்கிறார்.

யார் வீட்டுக் காதுகுத்தாக இருந்தாலும் முதல் வரிசையில் இருப்பார். நான் பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிய அன்று வேறொரு பள்ளிக்கூடத்தில் பரிசு கொடுத்துக்கொண்டிருந்தார். இதைக் குறையாகச் சொல்லவில்லை என்று எழுதினால் பொய். குறையாகத்தான் சொல்கிறேன்.

எனக்குக் கல்யாணம் முடிவானபோது அப்பா சட்டமன்றத் தேர்தலில் நிற்க சீட் கேட்டு அலைந்துகொண்டிருந்தார். எங்கள் பக்கம் கட்சிக்காரர் வீட்டுக் கல்யாணம் என்றால், கட்சியின் பெரிய புள்ளி ஒருவர் வந்து தட்டிலிருந்து தாலியை எடுத்து மாப்பிள்ளை கையில் கொடுக்க வேண்டும். வருகிற ஆள் எவ்வளவு பெரியவரோ, பெண்ணைப் பெற்றவருக்கு அவ்வளவு செல்வாக்கு. அப்பா ஓர் அமைச்சரையே பிடித்துவிட்டார்.

பத்திரிகை புத்தகம் போல வந்தது. முதல் பக்கம் அமைச்சர் படம். அடுத்த மூன்று பக்கங்கள் முன்னிலை வகிப்போர். ஒருவர் பெயர் இன்னொருவர் பெயருக்குக் கீழே வந்துவிட்டது என்று அத்தனையையும் தூக்கிப்போட்டுவிட்டு மறுபடி அச்சடித்தார்கள். இரண்டு தடவையும் மாப்பிள்ளையின் படிப்பு தப்பாகத்தான் இருந்தது. அதை யாரும் பார்க்கவில்லை.

மாப்பிள்ளை வீடு கொட்டாம்பட்டியில் விவசாயக் குடும்பம். மாப்பிள்ளையின் அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: நேரம் தவறக்கூடாது. மூத்த மகன் கல்யாணத்தில் ராகு காலத்தில் தாலி கட்டி, வருடம் திரும்புவதற்குள் அந்தப் பெண் இறந்துபோனாள். இந்தத் தடவை நேரம் தப்பினால் மகனைக் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விடுவேன் என்று நிச்சயத்தன்றே எல்லார் முன்னாலும் சொன்னார். அப்பா தலையாட்டினார். கூட்டத்தில் யார் என்ன கோரிக்கை வைத்தாலும் அப்படித்தான் ஆட்டுவார்.

கல்யாணம் வெள்ளிக்கிழமை. முகூர்த்தம் ஒன்பதிலிருந்து பத்தரை. அதற்கு மேல் ராகு காலம். ஒன்பது மணிக்கு நான் மணவறையில் இருந்தேன், அப்பா செக்கானூரணியில் இருந்தார், அமைச்சரை எதிர்கொண்டு அழைக்க, பதினைந்து கார்களோடும் ஒரு மூட்டை வெடியோடும். அங்கிருந்து என் தாய்மாமனுக்குப் போன் செய்தபடி இருந்தார்.

“மாப்ள, நாகமலை தாண்டிட்டாராம். பத்து நிமிசம்.”

ஒன்பதே முக்காலுக்கும் நாகமலை தாண்டினார். பத்து மணிக்கும் தாண்டினார். உண்மையில் அப்போது மதுரையில் ஒரு துணிக்கடைக்கு ரிப்பன் வெட்டிக்கொண்டிருந்தாராம்.

பத்தே காலுக்கு மாப்பிள்ளையின் அம்மா எழுந்தார். “எந்திரிடா, போவோம்” என்றார் மகனிடம். மாமா ஓடிப்போய்க் கையைப் பிடித்தார்.

“அக்கா, அஞ்சு நிமிசம் பொறுங்க. அமைச்சர் வந்துருவாக.”

“அமைச்சருக்கா எம்மகனக் கட்டி வைக்கிறீக? பொண்ணு இங்கனதான இருக்கு?”

அவர் கேட்டதில் என்ன தப்பு? யாராவது தாலியை எடுத்துக் கொடுத்தால் போதும். மண்டபம் நிறையப் பெரிய மனிதர்கள். ஆனால் ஒருவரும் தட்டுப் பக்கம் வரவில்லை. அமைச்சர் தொட வேண்டியதை நாம் தொட்டால் தலைவர் கோபிப்பாரே என்று முன்னிலை வகிக்க வந்தவர்கள் எல்லாரும் பின்னால் போய் நின்றார்கள். மாமா கையை நீட்டி, பாதியிலேயே இழுத்துக்கொண்டார். “மச்சான் என்னய உண்டு இல்லைனு ஆக்கிருவாரு” என்றார் என்னிடம்.

மாப்பிள்ளை அரைகுறையாக எழுந்து, அம்மாவையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார். நான் தட்டிலிருந்து தாலியை எடுத்து அவர் கையில் வைத்தேன்.

“இந்தாங்க. கட்டுங்க.”

கட்டினார். அமைச்சர் வந்தால்தான் வாசிக்க வேண்டும் என்று சொல்லியிருந்ததால் மேளக்காரர்கள் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். என் அம்மா ஒருத்திதான் குலவையிட்டாள். மணி பத்து இருபத்தைந்து.

பதினொரு மணிக்கு வெடிச்சத்தம் கேட்டது. அமைச்சர் பின்னாலேயே வந்த அப்பா என் கழுத்தைப் பார்த்தார். சிரித்த முகம் மாறாமல் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார்.

“யாருடீ எடுத்துக் கொடுத்தது?”

“நாந்தேன்.”

“சரி, அதக் கழட்டித் தட்டுல வையி. அவுக ஒரு தடவ எடுத்துக் கொடுக்கட்டும். போட்டோவுக்குத்தேன்.”

கட்டின தாலியை எப்போது கழற்றுவார்கள் என்பது அந்த மண்டபத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தலைவருக்கு மட்டும் அந்த நிமிடம் தெரியவில்லை. அம்மா எனக்கு முன்னால் வந்து நின்றாள். மாப்பிள்ளையின் அம்மா அவளுக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

அமைச்சருக்கு இதெல்லாம் பழக்கம் போல. “மாலையக் குடுங்கப்பா” என்றார். இரண்டு மாலைகளை எடுத்துக் கொடுத்தார், படம் பிடித்தார்கள். பிறகு மைக்கை வாங்கி அரசின் சாதனைகளைச் சொல்லி, மணமக்களை வாழ்த்தினார். மாப்பிள்ளைக்கு வேறு ஒரு பெயர் சொன்னார். அது அடுத்து அவர் போகவேண்டிய கல்யாணத்து மாப்பிள்ளையின் பெயர் என்று பிறகு தெரிந்தது. சாப்பிட நேரமில்லை என்று கிளம்பினார். அப்பாவும் அதே வேகத்தில் அவர் பின்னால் இறங்கிப்போய்க் காரில் ஏறினார்.

மூன்று மணிக்குத்தான் திரும்பி வந்தார். நான் மாப்பிள்ளை வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். மண்டபத்தில் பந்தி முடிந்து இலையெல்லாம் எடுத்தாகிவிட்டது. அம்மா மிச்சமிருந்த சோற்றைப் போட்டாள்.

“அந்தக் கல்யாணத்துல அமைச்சர் வார வரைக்கும் காத்திருந்தாக” என்றார் அப்பா, சாம்பாரைப் பிசைந்துகொண்டே. “அந்தப் புள்ள ரெண்டு மணி நேரமா குனிஞ்ச தலை நிமிரல. வளர்ப்புன்னா அதுதேன்.”

“இருக்கும்” என்றாள் அம்மா. “அந்தப் புள்ளையோட அப்பன் பக்கத்துலயே இருந்திருப்பாரு.”

அப்பா மோர் கேட்டார். மோர் தீர்ந்துவிட்டிருந்தது.