தார்சாவின் வெண்கலத் தகடு

தார்சாவுக்குப் பத்து வயதானபோது, டான்யூப் கரையிலிருந்த அவன் ஊரில், அரசாங்க வண்டிக்கு மாடு தர மறுத்த அவன் அப்பாவைச் சந்தைத் தூணில் கட்டிச் சவுக்கால் விளாசினார்கள். ரோமக் குடிமகனாக இருந்தால் கை வைத்திருக்க மாட்டார்கள் என்று கூட்டத்தில் யாரோ சொன்னார்கள். அந்தச் சொல் பையன் மண்டைக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டது.

மீசை அரும்பியதும் படையில் சேர்ந்தான். அவனைப் போன்றவர்களுக்கு இருபத்தைந்து வருடம் மாரடித்தால்தான் குடியுரிமை. பார்லிக் கஞ்சியும் புளித்த மதுவும் குடித்து, பனியில் இரண்டு கால்விரல்களைப் பறிகொடுத்து, ஒருவழியாக வாங்கினான். அதற்கு அத்தாட்சி, உள்ளங்கையளவு வெண்கலத் தகடுகள் இரண்டு, கம்பியால் கட்டி, ஏழு சாட்சிகளின் முத்திரை வைத்தது. அதை வாசல் நிலையில் மாட்டிவைத்தான்.

ஒரு வருடம்கூட ஆகவில்லை. அடிமைகளைத் தவிர எல்லாரும் இனி ரோமக் குடிமக்கள் என்று பேரரசர் ஆணை போட்டுவிட்டார். வரி கறக்கத்தான் இந்தத் தாராளம் என்று ஊர் பேசிக்கொண்டது. தார்சாவுக்கு வயிறு பற்றி எரிந்தது. பக்கத்து வீட்டுத் திசாலா, ஊர் எல்லையைத் தாண்டாத ஆள், பல்லைக் காட்டிக்கொண்டு வந்தான்.

"என்னண்ணே, இப்ப நாம ரெண்டு பேரும் ஒண்ணாமே?"

"வாய மூடுறா. நான் ரெண்டு வெரலக் குடுத்து வாங்குனேன். நீ தூங்கி எந்திரிச்சு வாங்குன."

"அதுக்கு நான் என்னண்ணே பண்றது? முழிச்சுக்கிட்டா இருக்க முடியும்?"

அன்றிலிருந்து தார்சா அவன் முகத்தில் விழிக்கவில்லை.

அறுவடை முடிந்ததும் அதிகாரி மாடு கேட்டு வந்தான். நான் குடிமகன், தர மாட்டேன் என்றான் திசாலா. அதே தூணில் கட்டினார்கள். நன்றாக வேண்டும் என்று கறுவிக்கொண்டுதான் தார்சா சந்தைக்குப் போனான். முதல் அடியின் சத்தம் கேட்டதும் அப்பாவின் முதுகுதான் கண்ணில் தெரிந்தது. வீட்டுக்கு ஓடித் தகட்டைப் பிடுங்கிக்கொண்டு வந்து அதிகாரியிடம் நீட்டினான்.

"ஐயா பழைய படைவீரர். உங்க மேல கை வைக்க மாட்டோம், போங்க," என்றான் அதிகாரி.

"அவனும் குடிமகன்தானய்யா?"

"இங்க யாருதான் இல்ல? சவுக்கு வச்சிருக்கானே, அவனுந்தான். எல்லாரும் குடிமகன்னா, காசில்லாதவனத்தான அடிக்க முடியும்?" அதிகாரி சிரித்தான்.

இருபத்தைந்து வருடக் கோபமும் தார்சாவின் கைக்கு வந்தது. தகட்டால் ஓங்கி ஒரே போடு. அதிகாரியின் மூக்கு உடைந்தது. அந்தத் தகடு உருப்படியாகச் செய்த காரியம் அது ஒன்றுதான்.

படைவீரர் மரியாதையெல்லாம் அத்தோடு காற்றில் போயிற்று. தூணின் மறுபக்கம் அவனையும் கட்டினார்கள். சவுக்கு முதுகைக் கிழித்தபோது தார்சா பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான்:

"திசாலா, இப்பதான்டா நாம ஒண்ணு."